பெரிய கரை எந்தப் பக்கம்?

ஆரணி
16.2.2025

மாட்சிமை பொருந்திய அக்கா தீபா அவர்களுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: நம் வீட்டுக் குளியலறையில் ஒன்பது ஆண்டுகள் ஒருநாள் விடுப்பும் எடுக்காமல் உழைத்த நீல நிற மக்கு, இன்று காலை ஏழு பத்துக்கு என் கையிலிருந்து நழுவி, தரையில் மோதி, இரண்டாகப் பிளந்து காலமானது. குப்பை வண்டி வந்ததும் இறுதி ஊர்வலம் நடந்தது. அன்னாரின் பிரிவால் நம் குடும்பத்தில் இனி ஒரே ஒரு மக்குதான் மிச்சம். அது கோயம்புத்தூரில் போலீஸ் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது.

நீ நலமா? முட்டி வலி குறைந்ததா? இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பா முக்கால் நலம்.

அந்தக் கால் பங்கைச் சொல்கிறேன். வந்தவாசி பஸ்ஸில் டிரைவர் போட்ட ஒரே பிரேக்கில் வலது தோளில் அறுந்த தசைநாரை வேலூரில் தைத்து ஆறு வாரம் ஆகிவிட்டது இல்லையா? கையைத் தாங்கியிருந்த கழுத்துப் பையை வெள்ளிக்கிழமை கழற்றிவிட்டார்கள். “தையல் நல்லா இருக்கு. ஆனா இனிமே தினம் கையை அசைக்கணும். அசைக்காம வெச்சா மூட்டு இறுகிடும், அப்புறம் தறி ஓட்ட முடியாது” என்றார் டாக்டர். அப்பா சுருக்கென்று நிமிர்ந்து பார்த்தார். தறியில் வலது கைதானே கயிற்றை இழுத்து, ஊடை நூல் சுமக்கும் நாடாவை ஓட்டுகிறது.

வாரம் மூன்று நாள் வேலூர் பஸ்ஸில் குலுங்க வேண்டாம் என்று போனிலேயே பிசியோதெரபி. சென்னையில் சுபலட்சுமி மேடம், ஆரணியில் அப்பா, நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நான். நாளை முதல் வகுப்பு. அம்மா சொல்கிறாள், “வெளையாட்டுத்தனம் பண்ணாத தமிழு, அப்பா கைடா அது” என்று. நான் எப்போது விளையாடினேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
ப்ளஸ் ஒன் படிப்பதாக நம்பப்படும் உன் தம்பி,
தமிழ்வாணன்

*

கோயம்புத்தூர்
24.2.2025

டேய் தமிழ்,

உன் மக்கு சாவுக்கு என் அனுதாபம். உன் கடிதத்தை எங்கள் அறையில் சத்தமாகப் படித்தேன். எட்டுப் பேரும் உருண்டு சிரித்தார்கள். நான் நலம். முட்டியில் எண்ணெய் தேய்க்கிறேன். அம்மா ராட்டையில் தார் நூல் சுற்றும்போது முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறாளா?

இங்கே போன் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் பதினைந்து நிமிஷம். அதில் பதினாலு நிமிஷத்தை அம்மா எடுத்துக்கொள்கிறாள். அப்பாவிடம் போன் போனால், “நல்லா இருக்கேம்மா. நீ சாப்ட்டியா?” இவ்வளவுதான். அதனால் வீட்டு நிலவரம் உன் கடிதத்தை நம்பித்தான் இருக்கிறது.

முதல் வகுப்பு எப்படிப் போனது? கை எவ்வளவு தூரம் எழும்புகிறது? வலிக்கிறதா? ஒன்றும் விடாமல் எழுது.

சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.
அக்கா

*

ஆரணி
5.3.2025

வருங்கால இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

எல்லோரும் சுகம். அம்மா தலையணை வைத்துக்கொள்கிறாள். நானும் வைத்துக்கொள்கிறேன், தலைக்கு, காலை எட்டு மணி வரை.

முதல் வகுப்பில் பாதியில் நெட் போய்விட்டது. அதனால் நேரலை வகுப்பை விட்டுவிட்டு, வாரம் மூன்று நாள் நான் வீடியோ எடுத்து அனுப்புகிறேன். மேடம் அதைப் பார்த்துக் கோணம் அளந்து, குரல் பதிவில் பதில் அனுப்புகிறார். நான் கேட்டு அப்பாவுக்கு எடுத்துச் சொல்கிறேன்.

இப்போது செய்தி. நம் பரம்பரையில் கல்லூரிப் படி ஏறாமலே முதல் டிகிரி வாங்கியவர் அப்பாதான். நேற்று மட்டும் தொண்ணூற்றைந்து டிகிரி! கை தோளைத் தாண்டிவிட்டது. மேடம் அசந்து போய், “ஏழு எட்டு வாரத்துல இவ்ளோவா!” என்றார். எல்லாம் யாரால்? தன்னடக்கம் தடுக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், என்னால்தான்.

படப்பிடிப்புத் தளத்தையும் நானே அமைத்தேன். சுவர் காலண்டரைக் கழற்றிவிட்டேன், பார்ப்பவர் கவனம் சிதறக் கூடாது பார். சட்டை வேண்டாம், பனியன். தோளில் ஒரு துண்டு, கம்பீரத்துக்கு.

தண்ணீர் நிறையக் குடி. கோவை வெயிலும் வெயில்தான்.
டிகிரி வாங்காத டாக்டர்,
தமிழ்

*

கோயம்புத்தூர்
14.3.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

தொண்ணூற்றைந்து என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. கவாத்தில் இரண்டு தடவை கால் மாற்றி வைத்துத் திட்டு வாங்கினேன், சந்தோஷத்தில்.

ஆனால் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை அம்மா பேச்சுவாக்கில், “இன்னும் நான்தான்டீ ஒங்கப்பாவுக்குத் தலை வாரி விட்டுகினு இருக்கேன்” என்றாள். தோளைத் தாண்டுகிற கை தலைக்குப் போகாதா? அப்பாவைக் கேட்டால், “மேடம் சொல்றதைத் தம்பி சொல்றான், அவன் சொல்றபடி செய்யறேன்” என்கிறார். நீ என்னதான் சொல்கிறாய்?

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். பதில் போடு.
தீபா

*

ஆரணி
26.3.2025

காவல்துறையின் கழுகுக் கண்ணுக்கு,

விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன். சுகம், சுகம், மறுபடியும் சுகம்.

தலை வாரிவிடுவது கணவன் மனைவி சம்பந்தப்பட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்போதுதான் அம்மாவுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்கிறது, அதைக் கெடுக்காதே.

அப்பா இப்போது நூற்றைம்பது! மேடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தமிழ், உங்க அப்பா மாதிரி பத்து பேஷன்ட் இருந்தா நான் ரெண்டு மாசம் லீவ் போட்டுடலாம்பா.” அடுத்து ரப்பர் பட்டை பயிற்சியாம். அதைக் கொரியரில் அனுப்புகிறார். பக்கத்து வீட்டு ஜெயக்குமார் மாமா கழுத்து வலிக்கு என்னிடம் ஆலோசனை கேட்கிறார். நான் மட்டும் இல்லையென்றால் அந்தக் கை இந்நேரம் தூங்கிக்கொண்டிருக்கும் அக்கா. இதைக் கல்வெட்டில் எழுதினாலும் தகும்.

நீ நம்பமாட்டாய் என்று தெரியும். உன் போனுக்கு வீடியோ அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாயைப் பிள.

வாயை மூட மறக்காதே, கொசு போகும்.
தமிழ்

*

கோயம்புத்தூர்
6.4.2025, ஞாயிறு

தமிழ்,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அம்மாவோடு பேசி முடித்து, கடைசி இரண்டு நிமிஷத்தில் உன் வீடியோவைப் பார்த்தேன். அப்பா கையைத் தூக்குகிறார், அழகாக, காதை ஒட்டி. பின்னால் தறி. தறியில் பாதி நெய்த சேலை.

அந்தச் சேலையின் பாவு நூலை டிசம்பரில் இழை இழையாகத் தறியில் பிணைத்தது நானும் அம்மாவும். ஒரு பக்கம் எட்டு அங்குலப் பெரிய கரை, இன்னொரு பக்கம் இரண்டு அங்குலச் சின்னக் கரை. அப்பா ஆபரேஷனுக்குப் போன நாளிலிருந்து அது அப்படியே நிற்கிறது. நீ படம் பிடித்த சமையலறைக் கதவுப் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய கரை வலது கைப் பக்கம் தெரிய வேண்டும். உன் வீடியோவில் இடது பக்கம் தெரிகிறது.

முதலில் தறியை இடம் மாற்றிவிட்டார்களோ என்று நினைத்தேன். தரையில் பதித்த குழித்தறியைத் தூக்கித் திருப்ப முடியுமா? பிறகுதான் உன் படப்பிடிப்புத் தளம் ஞாபகம் வந்தது. எழுத்து திரும்பித் தெரியும் என்று காலண்டரைக் கழற்றினாய். பாக்கெட் இடம் மாறித் தெரியும் என்று பனியன். ஆபரேஷன் தழும்பே இல்லாத தோள் என்று துண்டு.

அது அப்பாவின் இடது கை. வீடியோவைக் கண்ணாடி மாதிரித் திருப்பிவிட்டு அனுப்பியிருக்கிறாய்.

கேட்பதற்குள் போனை வாங்கிவிட்டார்கள். ஆபரேஷன் ஆன கை எங்கேடா? அது எவ்வளவு தூரம் எழும்புகிறது? அந்த ரப்பர் பட்டையை அப்பா தொடக் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் மேடத்திடம் உண்மையைச் சொல்.

தீபா

*

ஆரணி
12.4.2025

அக்கா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பட்டை செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கொரியர் உறையில் படம் போட்ட தாள் இருந்ததாம். வலது கை என்று பெரிதாக எழுதி, பட்டையைக் கதவில் கட்டி இழுக்க வேண்டும் என்று. அப்பா ஆசையாகக் கட்டிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்திருக்கிறார். அவர் போட்ட சத்தத்தில் ஜெயக்குமார் மாமா தறியை விட்டு எழுந்து ஓடி வந்தாராம். நான் வந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

வியாழக்கிழமை வேலூர் போனோம். டாக்டர் என் போனில் இருந்த நூற்றைம்பதைப் பார்த்தார். அப்பாவின் வலது கையைப் பிடித்து மெல்லத் தூக்கினார். நாற்பதில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை அக்கா. கதவு பூட்டிக்கொண்ட மாதிரி. டாக்டர் மறுபடி போனைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

தையல் அறுபடவில்லை. மூட்டுதான் இறுகிவிட்டது. ஆறு வாரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் நூறு டிகிரியாவது வர வேண்டும். இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்துக் கையை வலுக்கட்டாயமாக வளைப்பார்களாம். அதிலும் எலும்பு முறிகிற ஆபத்து இருக்கிறதாம்.

அங்கிருந்தே மேடத்துக்கு வீடியோ கால் போட்டார்கள். அவர் அப்பாவின் இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொன்னார். அப்புறம், “இத்தனை நாளா நான் யாரோட கையைப் பாத்துட்டு இருந்தேன்?” என்று கேட்டார்.

அப்பாதான் பதில் சொன்னார். “என்னோடதுதாம்மா. எடது கை. வலி தாங்கலன்னு நான்தான் பையனை இந்தக் கையைப் படம் புடிச்சு அனுப்பச் சொன்னேன்.”

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வேறு எழுத வரவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
தமிழ்

*

கோயம்புத்தூர்
16.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தீபா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலம் என்று இனி யார் சொன்னாலும் நம்பமாட்டேன்.

தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்களா அப்பா? ஒரு இழை அறுந்ததைத் தெரியாமல் நெய்துவிட்டால் ஒரு முழம் பிரித்துவிட்டு மறுபடி நெய்கிறவர் நீங்கள். உங்களுக்காக உழைக்கிற ஒரு டாக்டரம்மாவை ஏமாற்றி, அதற்குப் பதினாறு வயசுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தீர்களா? வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் யார் சிரித்திருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை என்னால் உங்களோடு பேச முடியாது. அழுகை வரும். இங்கே அழுதால் ஓடவிடுவார்கள்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள்.
உங்கள் மகள்

*

ஆரணி
25.4.25

தீபாவுக்கு அப்பா எழுதுவது.

நலம். உன் நலம் அறிய ஆவல். இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ கேட்டது எல்லாம் சரி. தப்பு என்னுடையது. தம்பி நான் சொன்னதைத்தான் செய்தான். அவனைத் திட்டி எழுத வேண்டாம். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

சுபலட்சுமி அம்மா இப்போது தினமும் வீடியோ காலில் நேராகவே பார்க்கிறார். நாற்பத்தெட்டு வந்திருக்கிறது. வலிக்கிறது. செய்கிறேன்.

கோபம் ஆறியதும் பேசு. அவசரமில்லை.

சந்திரமோகன்

*

கோயம்புத்தூர்
8.5.2025

தமிழ்,

எப்படி இருக்கிறாய்? அப்பாவின் கடிதம் வந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நின்றது. மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மூன்று ஞாயிறாக நான் அவரிடம் பேசவில்லை. அம்மா ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்தில் அவர் மூச்சு கேட்கிறது. இருந்தும் எனக்கு வாய் வரவில்லை. அந்த அதிர்ச்சி இன்னும் விலகவில்லைடா. வலிக்குப் பயந்து உன்னை இழுத்துவிட்டவர் என்று நினைக்கும்போதெல்லாம் யாரோ வேறு மனிதரைப் பற்றிப் படித்த மாதிரி இருக்கிறது.

நீ ஏன் ஒரு மாசமாக எழுதவில்லை? அடுத்த முறை வேலூர் போய் வந்ததும் டாக்டர் அளந்த எண்ணை எழுது. சோடிக்காதே.

சாப்பிடு.
அக்கா

*

ஆரணி
23.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அம்மா நலம். அப்பா பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று வேலூரில் டாக்டர் அளந்தார். தொண்ணூற்றிரண்டு. நூறு இல்லை. ஆனால் நாற்பதிலிருந்து வந்த தொண்ணூற்றிரண்டு என்பதால், மயக்க மருந்தை இப்போதைக்குத் தள்ளி வைத்து இன்னும் நாலு வாரம் கொடுத்திருக்கிறார். சோடிக்கவில்லை. தாளில் டாக்டர் கையெழுத்து இருக்கிறது.

இந்த ஆறு வாரமும் அப்பாவின் முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்துத் தாங்கச் சொன்னார் மேடம். அவர் கை நடுங்குவது என் உள்ளங்கையில் தெரியும். கண்ணில் தண்ணீர் வரும். அவர் அதைத் துடைப்பதுகூட இல்லை. “எண்ணுடா, எண்ணிக்கய விட்டுட்ட பாரு” என்று என்னைத்தான் அதட்டுவார்.

நீ அவரோடு பேசாமல் இருப்பதை என்னால் இனி பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன். பத்துத் தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

அப்பா என்னை எதையும் மாற்றி அனுப்பச் சொல்லவில்லை. வீடியோவைத் திருப்ப முடியும் என்பதே அவருக்குத் தெரியாது. “மொதல்ல நல்ல கை பலமாகணுமாம்பா, ஆபரேஷன் பண்ண கையை அசைக்காம வெக்கணுமாம், மேடம் சொன்னாங்க” என்று நான் சொன்னேன். டாக்டர் அசைக்கச் சொன்னாரே என்று ஒரு தடவை கேட்டார். “மேடம்தான் இதுக்குன்னே படிச்சவங்க” என்றேன். நம்பிவிட்டார். நான் அளந்து அளந்து பெருமையடித்த நூற்றைம்பதும், ஆபரேஷனே ஆகாத ஒரு கையின் நூற்றைம்பது.

வேலூரில் மேடம் கேட்ட அந்த நிமிஷம்தான் அப்பாவுக்கே விஷயம் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார். ஒரு விநாடிகூட இருக்காது. உடனே, “நான்தான் சொன்னேன்” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். எப்போது அடி விழும் என்று காத்திருந்தேன். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது, “முறுக்கு வாங்கட்டா?” என்று கேட்டார். அவ்வளவுதான் அக்கா. இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றுகூட, “அவ நியாயத்தத்தான் எழுதிக்கீறா” என்று மட்டும் சொன்னார்.

மேடத்திடம் நேற்று சொல்லிவிட்டேன். அவர் திட்டினார். நன்றாகத் திட்டினார். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இனி பயிற்சி நேரத்தில் போன் அம்மா கையில் இருக்கும்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். மேடமும் கேட்டார். விளையாட்டுக்கு என்று சொன்னேன். அது உண்மை இல்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

முதல் வகுப்பில் நெட் போகவே இல்லை. மேடம் ஒரு கழியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கச் சொன்னார். நாலாவது தடவை அப்பா அழுதார். சத்தம் இல்லை. இரண்டு கையும் கழியில் இருந்ததால் துடைக்க முடியாமல், தாடை வரை வழிந்து பனியனில் சொட்டியது. நம் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. உனக்குக் கடிதம் எழுதிய அந்த டாக்டரும் டைரக்டரும் அப்போது கதவுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் வலி தாங்காதவர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா கழியை விடவில்லை அக்கா. மேடத்திடம், “இரும்மா, இன்னொரு தபா தூக்கறேன்” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் போனை அணைத்துவிட்டு, நெட் போச்சு என்றேன்.

பயந்துவிட்டேன்.

தமிழ்வாணன்